தேர்வுக் குழுவினருக்கு: கட்டுரைகளை எண்ணுவதற்கு முன் கருவியை ஒருமுறை இயக்கிப் பாருங்கள்

பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் ஆசிரியர் நியமனத்தையும் பதவி உயர்வையும் முடிவுசெய்யும் குழுவினருக்கு,

வணக்கம்.

ஊடாடும் தரவுக் காட்சிப்படுத்தலிலும் (பயனர் தொட்டு மாற்றிப் பார்க்கக்கூடிய வரைபடங்கள்) மனிதர்–கணினி ஊடாட்டத்திலும் ஆய்வு செய்பவர்கள், ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டுபவர்கள், இத்துறைக் கட்டுரைகளுக்கு மதிப்புரை எழுதுபவர்கள் எனச் சிலர் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். உங்கள் மேசைக்கு வரும் விண்ணப்பப் படிவங்களில் இரண்டு வரிகளை அடிக்கடி பார்க்கிறோம். ‘இம்பாக்ட் ஃபேக்டர் உள்ள ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளை மட்டும் குறிப்பிடவும்’ என்பது ஒன்று (இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு). ‘மென்பொருள் ஏதேனும் உருவாக்கியிருந்தால் பிற என்ற பகுதியில் சேர்க்கவும்’ என்பது இன்னொன்று. இந்த இரண்டு வரிகளும் இருக்கும்வரை எங்கள் துறையில் யார் நல்ல ஆய்வாளர் என்று உங்களால் கண்டுகொள்ள முடியாது. உழைப்பின் பெரும்பகுதி அந்தப் படிவத்தில் இடமே இல்லாத வேலைகளில் போகிறது. அந்த வேலைகள் என்ன, எவ்வளவு காலம் பிடிக்கும், எங்கே கெட்டுப்போகும் என்பதைச் சொல்வதற்காகவே இந்த மடல்.

கட்டுரைகள் எங்கே வெளிவருகின்றன என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மனிதர்–கணினி ஊடாட்டத்துக்கு ஏசிஎம் என்ற கணினியியலாளர் அமைப்பின் சிஎச்ஐ மாநாடு 1980களின் தொடக்கத்திலிருந்து நடந்துவருகிறது. துறையில் எல்லோரும் அதை ‘கை’ என்றே சொல்வார்கள். காட்சிப்படுத்தலுக்கு, ஐஇஇஇ என்ற பொறியியலாளர் அமைப்பின் மாநாடு 1990இல் தொடங்கியது. 1995இல் இன்ஃபோவிஸ், 2006இல் வாஸ்ட் என்று கிளைகள் வந்து, 2021இல் மூன்றும் ஒரே ‘விஸ்’ மாநாடாக இணைந்தன. இவற்றுக்கு அனுப்புவது ஒரு பக்கச் சுருக்கம் அல்ல. முழுக் கட்டுரையை அனுப்பி, பல மதிப்புரையாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான் தேறும். விஸ் மாநாட்டின் முழுக் கட்டுரைகள் ஐஇஇஇ டிரான்சாக்‌ஷன்ஸ் ஆன் விஷுவலைசேஷன் அண்ட் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் இதழில் அச்சாகின்றன. ஆகவே உங்கள் படிவத்தில் அவை ஆய்விதழ்க் கட்டுரைகள். ‘கை’ கட்டுரைகள் மாநாட்டுத் தொகுப்பாக வருகின்றன, ஆகவே பூஜ்யம். கூட்டுப்பணி ஆய்வுக்கான சிஎஸ்சிடபிள்யூ மாநாட்டின் கட்டுரைகள் 2017 முதல் இதழ் வடிவத்தில் வரத் தொடங்கின. அதற்கு முந்தைய ஆண்டில் அங்கே எழுதியவருக்கு மதிப்பெண் இல்லை, அடுத்த ஆண்டில் எழுதியவருக்கு உண்டு என்றால் நீங்கள் அளப்பது ஆய்வின் தரத்தை அல்ல, பதிப்பக ஏற்பாட்டை. மாநாட்டுக் கட்டுரைகளுக்கும் உருவாக்கிய கருவிகளுக்கும் உரிய எடை தர வேண்டும் என்று வட அமெரிக்கக் கணினியியல் ஆய்வு நிறுவனங்களின் கூட்டமைப்பான கம்ப்யூட்டிங் ரிசர்ச் அசோசியேஷன் 1999இலேயே குறிப்பு வெளியிட்டிருக்கிறது. இதழின் இம்பாக்ட் ஃபேக்டரைத் தனி ஒருவரின் தரத்துக்கு அளவுகோலாக்கக் கூடாது என்கிற ‘டோரா’ பிரகடனத்தில் உங்கள் நிறுவனமே கையெழுத்திட்டிருக்கவும் கூடும். ஒருமுறை சரிபாருங்கள்.

இனி, ஒரு கட்டுரை எப்படி உருவாகிறது என்பதற்கு வருவோம். இலட்சக்கணக்கான நோயாளிச் சேர்க்கைப் பதிவுகளை மருத்துவர்கள் ஆராய ஒரு ஊடாடும் கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று மாதங்களில் நிரல் எழுதவே கூடாது. மருத்துவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் இன்று எந்த விரிதாளை எப்படித் திறக்கிறார்கள், எதைக் கூட்டிக் கழித்துப் பார்க்கிறார்கள், எந்தக் கேள்வியைக் கேட்க முடியாமல் கைவிடுகிறார்கள் என்று குறிப்பெடுக்க வேண்டும். இத்தகைய ஆய்வுக்கான நடைமுறையை செட்ல்மேர், மேயர், மன்ஸ்னர் மூவரும் 2012இல் ஒன்பது கட்டங்களாக வகுத்து, விழக்கூடிய 32 குழிகளையும் பட்டியலிட்டார்கள். அதில் தொடக்கத்திலேயே வரும் இரண்டு: உண்மையான தரவு இன்னும் கைக்கு வரவில்லை; கூட்டாளிக்கு நேரம் இல்லை. இந்த இரண்டில் எது நடந்தாலும் மூன்று மாத வேலை நின்றுபோகும். அப்போது கைவிடுவதுதான் சரியான முடிவு. ஆனால் கைவிட்டதற்குத் தன்விவரக் குறிப்பில் வரி கிடையாது. அந்த இடம் வெற்றிடமாகத்தான் உங்களுக்குத் தெரியும்.

தரவு கிடைத்துவிட்டது என்றால் அடுத்த தலைவலி வேகம். ஒரு வரைபடத்தில் சுட்டியால் ஒரு பகுதியை இழுத்துத் தேர்ந்தெடுக்கிறார் மருத்துவர். பக்கத்தில் உள்ள மற்ற வரைபடங்கள் உடனே மாற வேண்டும். கண்ணுக்குச் சீராகத் தெரிய நொடிக்கு 60 முறை வரைய வேண்டும், அதாவது ஒவ்வொரு முறைக்கும் சுமார் 16.7 மில்லிநொடிதான். உடனடி என்ற உணர்வுக்கு 100 மில்லிநொடி எல்லை. கூடுதலாக அரை நொடித் தாமதம் வந்தாலே ஆராய்பவர்கள் குறைவாக அலசுகிறார்கள், தரவின் குறைவான பகுதியைத்தான் தொடுகிறார்கள் என்று லியூவும் ஹீரும் 2014இல் காட்டினார்கள். கருவி மெதுவாக இருந்தால் எரிச்சல் வருவது ஒருபுறம் இருக்கட்டும். கண்டுபிடிக்கப்படுவதே குறைந்துவிடுகிறது என்பதுதான் இதில் முக்கியம்.

இதைச் சரிசெய்வது எப்படிப்பட்ட வேலை என்று ஒரே ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு புள்ளியையும் எஸ்விஜி என்ற வரைமுறையில் தனித்தனி வட்டமாக வரைந்தால் பிரவுசர் ஒவ்வொன்றையும் தனிப் பொருளாக நினைவில் வைத்து, ஒவ்வொன்றின் பாணியையும் கணக்கிடும். சில ஆயிரம் புள்ளிகள்வரை தாங்கும். அதன் பிறகு இழுவை திக்கும். எல்லாவற்றையும் ஒரே படமாகத் தீட்டும் கேன்வாஸ் முறைக்கு மாற்றினால் இன்னும் பல மடங்கு தாங்கும். ஆனால் வட்டத்தின் மேல் சுட்டி இருக்கிறதா என்பதை பிரவுசர் இனிச் சொல்லாது. அதை நாமே கணக்கிட வேண்டும், அதற்கு இடவாரியாகப் புள்ளிகளைப் பிரித்து வைக்கும் ஒரு அட்டவணை வேண்டும். கோட்டு வரைபடத்துக்கு வேறு வழி உண்டு. திரையில் அது 1,000 பிக்சல் அகலம் என்றால் ஒரு கோடி அளவீடு இருந்தாலும் 1,000 நெடுவரிசைக்கு மேல் காட்ட இடமில்லை. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் முதல் மதிப்பு, கடைசி மதிப்பு, மிகக் குறைந்தது, மிக அதிகமானது என நான்கை மட்டும் எடுத்தால் மொத்தம் 4,000 மதிப்புகள். ஒரே நிறக் கோட்டுக்கு அதே படம் வரும். சராசரியை எடுத்துவிட்டால் கெட்டது. ஒரு நிமிடம் மட்டும் எகிறி இறங்கிய நாடித்துடிப்பு அந்தச் சராசரியில் கரைந்து காணாமல் போகும், மருத்துவர் தேடியதே அதுவாக இருக்கும். பயனர் பெரிதாக்கும்போதெல்லாம் இந்த நான்கும் மறுபடி கணக்கிடப்பட வேண்டும், அதுவும் 100 மில்லிநொடிக்குள். இதெல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். கட்டுரையில் இதற்கு ‘ஊடாட்டம் தடையின்றி இயங்குகிறது’ என்று ஒரு வரிதான் வரும்.

பிறகு பயனர் சோதனை. குழுக்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளும் பகுதி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம். மூன்று வடிவமைப்புகளை, இரண்டு அளவுத் தரவில், மூன்று வகைப் பணிகளுக்கு, நான்கு முறை திரும்பச் செய்து ஒப்பிட்டால் ஒரு பங்கேற்பாளருக்கு 3 × 2 × 3 × 4 = 72 முயற்சிகள். ஒன்றுக்கு 25 நொடி என்றாலே அரை மணி நேரம். அதற்கு முன் பயிற்சி, நடுவில் ஓய்வு, பின்னர் வினாத்தாள், உரையாடல் எல்லாம் சேர்த்தால் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். மூன்று வடிவமைப்புகளை ஆறு வரிசைகளில் அடுக்கலாம். கற்றலும் களைப்பும் ஒரு வடிவமைப்பின் தலையில் மட்டும் விழாமலிருக்க ஆறும் சம எண்ணிக்கையில் வர வேண்டும். ஆகவே பங்கேற்பாளர்கள் 18, 24, 30 என்று ஆறின் மடங்கில்தான் இருப்பார்கள். நடுவில் ஒருவர் விலகினால் அவருடைய அதே வரிசைக்குத்தான் ஆள் தேட வேண்டும். 24 பேர் என்றால் 36 மணி நேரம், முன்னோட்டத்துக்கு (முதன்மைச் சோதனைக்கு முந்தைய ஒத்திகைக்கு) நான்கு பேர் சேர்த்தால் 42. அத்தனை மணி நேரத்துக்கும் அவர்களுக்கு ஊதியம் தர வேண்டும். பணி தொடக்க நிதியில் இதற்கென்று ஒரு தலைப்பே பெரும்பாலும் இருப்பதில்லை.

கெட்டுப்போகும் இடங்கள் பல. பணி எளிதாக அமைந்துவிட்டால் எல்லோரும் சரியாகவே பதில் சொல்வார்கள், வடிவமைப்புகளுக்கிடையே வித்தியாசமே தெரியாது. கேள்வியைப் படிக்கும் நேரமும் கடிகாரத்தில் சேர்ந்துவிட்டால் அளப்பது வரைபடத்தை அல்ல, வாசிப்பு வேகத்தை. ஒரே தரவை மூன்று வடிவமைப்புக்கும் காட்டினால் மூன்றாவதில் பதில் ஏற்கெனவே தெரிந்திருக்கும். சிலர் வேகத்துக்காகத் துல்லியத்தை விடுவார்கள், சிலர் நேர்மாறாக. எது வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே வாக்கியத்தில் சொல்லியாக வேண்டும். சிவப்பு–பச்சை வேறுபாட்டில் தகவலை வைத்திருந்தால் நிறப் பார்வைக் குறை உள்ளவர்களின் முடிவுகள் எதையும் சொல்லாது. இணையவழிச் சோதனையில் ஆள் சேர்ப்பது எளிது. ஆனால் அவர் மடிக்கணினியில் பார்க்கிறாரா, பெரிய திரையிலா, ஜன்னலைப் பாதியாகச் சுருக்கியிருக்கிறாரா என்பதெல்லாம் நம் கையில் இல்லை. கவனமின்றிச் சொடுக்குபவர்களை எந்த விதிப்படி நீக்குவது என்பதைத் தரவு வருவதற்கு முன்பே எழுதிப் பதிவுசெய்ய வேண்டும். பார்த்த பிறகு எழுதினால் அந்த விதி விரும்பிய முடிவின் பக்கம் சாய்ந்துவிடும். இந்தப் பிழைகளில் பாதியை முன்னோட்டத்தின் மூன்று நான்கு பேரே காட்டிக்கொடுத்துவிடுவார்கள். முன்னோட்டத்தைத் தாண்டிக் குதித்த ஆய்வைப் பிற்பாடு எந்தப் புள்ளியியலாலும் காப்பாற்ற முடியாது.

‘12 பேரை வைத்தா முடிவு சொல்கிறீர்கள்?’ என்று நேர்காணல்களில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அதற்கு ஒரே விடை கிடையாது. ‘கை’ கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்து 2016இல் அதே மாநாட்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், அங்கே மிக அதிகமாகக் காணப்பட்ட பங்கேற்பாளர் எண்ணிக்கையே 12தான். நேர வித்தியாசத்தை அளக்கும் சோதனைக்கு அது போதாமல் போகலாம். ஆறு தீவிர சிகிச்சை நிபுணர்கள் தங்கள் சொந்தத் தரவோடு நான்கு வாரம் கருவியைப் பயன்படுத்துவதைப் பின்தொடர்ந்தால், தொடர்பில்லாத 60 மாணவர்கள் சொல்ல முடியாததை அந்த ஆறு பேர் சொல்வார்கள். விண்ணப்பதாரரிடம் எண்ணைக் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அந்த எண் ஏன் போதும் என்று கேளுங்கள். நல்ல ஆய்வாளருக்கு இரண்டு நிமிடத்தில் பதில் வரும்.

முந்தைய சோதனையைத் திரும்பச் செய்பவரையும் தள்ளிவிடாதீர்கள். ஒரே அச்சில் உள்ள இடங்களை ஒப்பிடுவதில் கண் துல்லியமானது, நீளத்திலும் கோணத்திலும் அதைவிடத் தடுமாறும் என்று கிளீவ்லண்டும் மெக்கிலும் 1984இல் அளந்து காட்டினார்கள். ஹீரும் பாஸ்டாக்கும் அதை 2010இல் இணையவழிப் பங்கேற்பாளர்களைக் கொண்டு மறுபடி செய்தார்கள். பழைய வரிசை நிலைத்தது. கூடவே, ஆய்வகத்துக்கு வெளியேயும் இத்தகைய சோதனையை நம்பலாம் என்ற புதுத் தெளிவும் கிடைத்தது. அப்படிப்பட்ட வேலையைப் ‘புதுமை இல்லை’ என்று ஒதுக்கும் குழு, தான் நிற்கும் தரையை யார் சோதித்தார்கள் என்றே கேட்காமல் இருக்கிறது.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்குச் சில வாரங்கள் ஆகும். முன்னோட்டத்துக்குப் பிறகு பணியை மாற்றினால் திருத்தத்துக்கு மறுபடி விண்ணப்பம். விஸ் மாநாட்டுக்கான கெடு மார்ச் கடைசியில் வருகிறது, ‘கை’ மாநாட்டுக்குச் செப்டம்பரில். ஒப்புதல் மூன்று வாரம் தள்ளிப்போய் மார்ச் கெடு தவறினால், அதே மாநாட்டுக்கு அடுத்த வாய்ப்பு ஓராண்டு கழித்துத்தான். தன்விவரக் குறிப்பில் ஓர் ஆண்டு வெறுமையாகத் தெரிந்தால் சோம்பல் என்று முடிவுகட்டும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

மென்பொருளைப் ‘பிற’ என்ற பகுதிக்குத் தள்ளுவது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு இத்துறையின் வரலாறே சாட்சி. இன்று இணையத்தில் செய்தி நிறுவனங்கள் முதல் ஆய்வகங்கள்வரை பயன்படுத்தும் டி3 என்ற வரைபட நிரல் நூலகம், ஸ்டான்ஃபோர்டில் பாஸ்டாக், ஒகீவெட்ஸ்கி, ஹீர் மூவரின் 2011ஆம் ஆண்டுக் கட்டுரையாக வந்தது. அதற்கு முன் அதே குழு 2009இல் வெளியிட்ட புரோட்டோவிஸ் இருந்தது. அதன் குறைகளிலிருந்துதான் டி3 பிறந்தது. காட்சிப்படுத்தல் மென்பொருள் விற்கும் டாப்லோ நிறுவனத்துக்கு அடிப்படையாக அமைந்தது பொலாரிஸ் என்ற பல்கலைக்கழக ஆய்வு. 2017இல் கட்டுரையாக வெளிவந்த வேகா-லைட் என்ற வரைபட மொழியின் மீது கட்டப்பட்டதுதான் பைத்தான் நிரல்மொழியில் பலரும் பயன்படுத்தும் ஆல்டேர் நூலகம்.

எழுதி முடித்த நிரல் சும்மா கிடந்தால்கூடக் கெட்டுப்போகும் என்பதைப் பலர் அறிவதில்லை. பிரவுசரில் அசைபடங்களை இயக்கிய ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. அதில் எழுதப்பட்ட ஒரு தலைமுறைக் காட்சிகள் அதன்பின் பிரவுசரில் திறப்பதில்லை. டி3 2016இல் நான்காம் பதிப்பாகத் தனித்தனிக் கூறுகளாகப் பிரிந்தபோது பழைய அழைப்புகளின் பெயர்களே மாறின. 2020இல் ஆறாம் பதிப்பில், சுட்டி எங்கே இருக்கிறது என்ற செய்தியை நிரல் பெறும் முறை மாறியது: பொதுவான ஓரிடத்தில் கிடைத்துவந்தது, அன்றிலிருந்து ஒவ்வொரு செயல்கூறுக்கும் முதல் உள்ளீடாக வந்தது. பழைய நிரலில் அந்த முதல் இடத்தில் தரவு இருக்கும். விளைவு, நிரல் நூலகத்தை மட்டும் புதுப்பித்தால் படம் அழகாக வரும், சுட்டியைக் கொண்டுபோனால் எதுவும் நடக்காது. கருவியில் ஊடாட்டம் மட்டும் செத்துக் கிடக்கும். இப்படி ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துபவர் பெரும்பாலும் ஒரு ஆய்வு மாணவர். அவர் பட்டம் வாங்கிப் போன பிறகு பொறுப்பு ஆசிரியரின் தலையில். அதற்கு நேரம் ஒதுக்கீடும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

மென்பொருளை மதிப்பிட விரும்பினால் பதிவிறக்க எண்ணிக்கையை நம்பாதீர்கள். தானியங்கி இயந்திரங்கள் ஒரே நாளில் ஆயிரம் முறை இறக்கும். இதைவிட நல்ல சான்றுகள் உண்டு. கட்டுரை வெளிவந்த பிறகும் புதிய பதிப்புகள் வந்திருக்கின்றனவா? பயனர்கள் எழுதிய வழுப் புகார்களுக்குப் பதில் இருக்கிறதா? அறிமுகமில்லாத ஒருவர் புதுக் கணினியில் வழிகாட்டியை மட்டும் படித்துக் கால் மணி நேரத்தில் நிறுவ முடிகிறதா? வேறு குழு ஒன்று அதன் மேல் தன் ஆய்வைக் கட்டியிருக்கிறதா? உங்கள் துறையின் ஆய்வு மாணவர் ஒருவர் அரை நாளில் இவை அத்தனையும் பார்த்துச் சொல்லிவிடுவார்.

கருவிகள் வாங்குவது பற்றியும் ஒரு வார்த்தை, கேட்காமலே சொல்கிறோம். புதிதாகச் சேருபவருக்குக் கண் நகர்வு அளவி வாங்கித் தர நிறுவனங்கள் உடனே சம்மதிக்கின்றன, ஏனென்றால் அது பொருள், கணக்கில் எழுதலாம். அதன் பிழை ஒரு பாகையளவு என்று கொண்டால், 60 செ.மீ. தொலைவில் உட்கார்ந்திருப்பவருக்குத் திரையில் அது ஏறக்குறைய 1 செ.மீ., வழக்கமான திரையில் சுமார் 40 பிக்சல். சிதறல் வரைபடத்தில் அந்த இடத்துக்குள் பத்துப் புள்ளிகள் இருக்கும். எதைப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. எந்த வரைபடத்தைப் பார்த்தார், விளக்கக் குறிப்புக்குப் பார்வை எத்தனை முறை போனது என்பதற்கு அது உதவும். பெரும்பாலான ஆய்வகங்களுக்கு அந்தப் பணத்தில் ஓராண்டுக்குப் பகுதிநேர நிரலாளர் ஒருவரும், மேலே சொன்ன 42 மணி நேர ஊதியமும் கிடைத்தால் பல மடங்கு பயன்.

ஆகவே நாங்கள் கேட்பது இவைதான். விளம்பரத்தில் ‘ஆய்விதழ்க் கட்டுரைகள்’ என்று இருக்கும் இடத்தில் ‘துறையின் முதன்மையான ஆய்விதழ்களிலும் முழு மதிப்புரை பெறும் மாநாடுகளிலும் வந்த கட்டுரைகள்’ என்று எழுதுங்கள். பத்தாண்டுப் பட்டியலுக்குப் பதில் சிறந்த ஐந்து ஆக்கங்களைக் கேளுங்கள். அதில் மென்பொருள், பொதுப் பயனுக்கு விட்ட தரவுத் தொகுப்பு, மறுசோதனை ஆகியவற்றுக்கும் இடம் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் விண்ணப்பதாரர் செய்தது என்ன என்று நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். ஆறு பெயர் உள்ள கட்டுரையில் நிரல் யார், சோதனை வடிவமைப்பு யார், பகுப்பாய்வு யார் என்பது பெயர் வரிசையில் தெரியாது. வெளி மதிப்பீட்டாளர்களில் இருவராவது இத்துறையிலிருந்து வரட்டும். கோட்பாட்டுக் கணினியியலாளர் ஒருவர் இத்துறைக் கட்டுரையைப் படித்துத் ‘தேற்றம் எங்கே?’ என்று எழுதினால் அது அவர் குற்றமல்ல, அவரைத் தேர்ந்தெடுத்தவர்களின் குற்றம்.

நேர்காணலிலும் ஒரு மாற்றம் வேண்டும். 40 நிமிட உரையில் 20 நிமிடத்தைக் குறைத்து, அந்த நேரத்தில் விண்ணப்பதாரரின் கருவி இயங்கும் கணினியை உங்கள் முன் வையுங்கள். இணைய இணைப்பு போனாலும் இயங்கும்படி உள்ளூர் நகலோடு வரச் சொல்லி முன்கூட்டியே எழுதிவிடுங்கள். காணொளிப் பதிவு வேண்டாம். பதிவில் எல்லாமே வேகமாக ஓடும். சுட்டியை அவர் பிடிக்க வேண்டாம், குழுவில் ஒருவர் பிடியுங்கள். பெரிதாக்கி, தேர்ந்தெடுத்து, தேர்வைக் கலைத்து, பின்னோக்கி வந்து பாருங்கள். எங்கே திக்குகிறது, எங்கே வழி தெரியாமல் நிற்கிறீர்கள் என்பதை அவர் கவனிக்கிறாரா, குறுக்கிட்டு விளக்கத் துடிக்கிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதன் முதல் வடிவம் எப்படி இருந்தது, ஏன் கைவிட்டீர்கள்? சோதனையில் யாருடைய தரவை நீக்கினீர்கள், அந்த விதியை எப்போது எழுதினீர்கள்? அடுத்த ஆண்டு பிரவுசர் மாறினால் இதைத் திருத்தப்போவது யார்?

இப்படிக்கு,
தரவுக் காட்சிப்படுத்தல், மனிதர்–கணினி ஊடாட்டத் துறை ஆய்வாளர்கள் சிலர்